ஆளைப் பார்த்து நாணின் தடிமனைச் சொல்ல முடியுமா?

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவைக்குக் காத்திருப்பவர்களிடம் இப்போது ஒரு புதிய கவலையும் சேர்ந்திருக்கிறது: நம் காலிலிருந்தே எடுத்துப் பொருத்தப்போகும் மாற்று நாண், அதாவது கிராஃப்ட், எத்தனை மில்லிமீட்டர் தேறும்? உயரமான, தொடை பருத்த கபடி வீரருக்குக் கனமான கிராஃப்ட் கிடைக்கும் என்கிறார்கள். ஒல்லியான கல்லூரிப் பெண்ணுக்குக் கிடைக்காது என்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அறுந்துவிடும், எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்ற பேச்சும் உண்டு. இவற்றில் எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது, சிக்கலே அதுதான். நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் உண்மையாக நிற்கும் ஒன்று, ஒரு தனி மனிதரின் காலுக்கு வந்து சேரும்போது எவ்வளவு தேய்ந்துபோகிறது என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பகுதி தேய்ந்துபோகிறது. மிஞ்சுவது பயனற்றதல்ல, ஆனால் இன்று அதற்குக் கொடுக்கப்படும் வேலைக்கு அது போதாது.

முதலில் அளக்கப்படுவது என்ன என்று பார்த்துவிடலாம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைத்து, கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் சுழன்று விலகாமலும் பிடித்திருப்பது முன் சிலுவை நார், அதாவது ஏசிஎல்; ஜவ்வு என்று மேலே சொன்னது இதைத்தான். அது முழுதாகக் கிழிந்தால் பெரும்பாலும் தானாகச் சேராது. அறுவை என்று முடிவானால் அதனிடத்தில் ஒரு நாணைப் பொருத்த வேண்டும். அதற்கு அதிகமாகப் பயன்படுவது தொடையின் பின்புற உட்பக்கத்திலிருந்து இறங்கும் இரண்டு தசைநாண்கள்: செமிடெண்டினோசஸ், கிராசிலிஸ். இவற்றால் ஆனதைத்தான் ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் என்கிறார்கள். முட்டிக்குக் கீழே உட்பக்கத்தில் சிறிதாகக் கீறி, நுனியில் வளையமுள்ள ஒரு கருவியைச் செலுத்தி இரண்டையும் உருவி எடுக்கிறார்கள். ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டி நீக்கி, இரண்டாக மடித்தால் நான்கு இழைக் கற்றை கிடைக்கும். வளையல் கடையில் கைக்கு அளவு பார்ப்பதுபோல, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் துளையிட்ட கட்டையில் ஒவ்வொரு துளையாக அந்தக் கற்றையை நுழைத்துப் பார்க்கிறார்கள். நுழையக்கூடிய மிகச் சிறிய துளை எதுவோ அதுதான் கிராஃப்டின் அளவு. இங்கேயே ஒரு நெகிழ்வு இருக்கிறது. நாண் இரும்புக் கம்பி அல்ல. இழுத்துப் பிடித்தால் மெலியும், ஈரம் பிழிந்தால் சுருங்கும், இழுக்கும் கை வலுத்தால் எட்டரைக்குப் பதில் எட்டில் நுழைந்துவிடும். தசையை எவ்வளவு ஒட்டச் சுரண்டினார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நாம் முன்கூட்டிச் சொல்ல விரும்பும் அந்த ‘உண்மையான அளவு’ என்பதற்கே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அங்குமிங்கும் அசைவு உண்டு.

சரி, எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? மேக்னசன் குழுவினர் 2012-இல் 256 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிராஃப்ட் வைக்கப்பட்ட 58 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறு அறுவை தேவைப்பட்டது. ஏழரை அல்லது எட்டு வைக்கப்பட்ட 139 பேரில் 9 பேருக்கும், ஏழு அல்லது அதற்குக் குறைவாக வைக்கப்பட்ட 59 பேரில் 8 பேருக்கும் தேவைப்பட்டது. சதவீதத்தில் 1.7, 6.5, 13.6. படிப்படியாக ஏறும் இந்த மூன்று எண்களைப் பார்த்தவர் எவரும் எளிதில் மறக்க மாட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ‘மூன்’ என்ற பல மருத்துவமனைக் கூட்டாய்வு 263 பேரிடம் இதே போக்கைக் கண்டது: எட்டுக்கு மேல் இருந்த 64 பேரில் ஒருவருக்கும் மறு அறுவை இல்லை, எட்டும் அதற்குக் கீழும் இருந்த 199 பேரில் 14 பேருக்குத் தேவைப்பட்டது. இவ்விரண்டையும் நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இரண்டிலும் சரியாக எட்டு மில்லிமீட்டர் கிராஃப்ட் இருப்பது மோசமான பக்கத்தில்தான். ‘எட்டு இருந்தால் போதும்’ என்று பின்னால் வழக்கில் வந்த வாசகத்துக்கும், எட்டுக்கு மேல் என்று பிரித்த இந்த அட்டவணைகளுக்கும் நடுவே கோடு சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது.

கோட்டின் இடம் மட்டுமல்ல, கோடு என்ற ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். 58 பேரில் ஒருவர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இன்னும் இருவர் மைதானத்தில் காலை மடக்கி விழுந்திருந்தால் 1.7 என்பது 5.2 ஆகியிருக்கும், கதையே மாறியிருக்கும். 64 பேரில் பூச்சியம் என்பதும் ஆபத்து பூச்சியம் என்று பொருள்படாது. ஒரு குழுவில் ஒன்றுமே நிகழாதபோது, மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்ற தோராயம் கிடைக்கும் என்பது புள்ளியியலில் பழைய கைக்கணக்கு. மூன்றை 64-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4.7 சதவீதம். கீழ்க்குழுவின் ஏழு சதவீதத்திலிருந்து அது வெகு தொலைவில் இல்லை. பெரிய பதிவேடுகள் வந்தபோது படம் இன்னும் தெளிந்தது. அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே பதிவேட்டைக் கொண்டு 2016-இல் வந்த ஆய்வில், ஏழிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் வரை ஒவ்வோர் அரை மில்லிமீட்டர் கூடும்போதும் மறு அறுவை வாய்ப்பு 0.82 மடங்காகக் குறைந்தது. 2017-இல் ஸ்வீடன் தேசியப் பதிவேட்டின் 2,240 பேரிடம் அதே கணக்கு 0.86 மடங்கு. எட்டில் செங்குத்தாக விழும் பள்ளம் எதுவும் இல்லை. மெல்ல இறங்கும் சரிவுதான் இருக்கிறது. ஸ்வீடன் எண்ணை வைத்துப் பெருக்கினால், ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையிலான நான்கு படிகளில் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. அது பெரிய வேறுபாடுதான். ஆனால் ஏழே முக்காலுக்கும் எட்டுக்கும் இடையே உள்ளது மிகச் சிறியது. நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதோ அந்தக் கால் மில்லிமீட்டர்தான்.

இனி ஆளைப் பார்த்து ஊகிக்கும் கலைக்கு வருவோம். இதில் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. 2007-இல் ட்யூமன் குழுவினர் பார்த்ததில் உடல் அளவுகளுள் உயரமே முன்னால் நின்றது. பிறகு வந்த பலவற்றிலும் உயரம்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. எடையும் தொடைச் சுற்றளவும் சில ஆய்வுகளில் சேர்ந்து வரும், சிலவற்றில் காணாமல் போகும். உடல் நிறைக் குறியீடு பெரும்பாலும் பின்தங்கியே இருக்கிறது. எடையில் கொழுப்பும் அடக்கம், கொழுப்புக்கும் நாணுக்கும் என்ன உறவு? ஆகவே உயரத்துக்கும் கிராஃப்டுக்கும் தொடர்பு உண்டு என்பது உறுதி. எவ்வளவு தொடர்பு என்பதுதான் கேட்க வேண்டியது. ஒட்டுறவுக் கெழு பெரும்பாலான ஆய்வுகளில் 0.3-க்கும் 0.5-க்கும் இடையே சுழல்கிறது. நடுவே 0.4 என்று கொள்வோம். அதன் வர்க்கம் 0.16, ஆளுக்கு ஆள் கிராஃப்ட் வேறுபடுவதில் நூற்றுக்குப் பதினாறு பங்கைத்தான் உயரம் விளக்குகிறது. மீதி எண்பத்து நான்கு பங்கு வேறெங்கோ இருக்கிறது. இதை மில்லிமீட்டரில் சொன்னால் இன்னும் உறைக்கும். கிராஃப்ட் அளவின் திட்ட விலக்கத்தை முக்கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆளையே பார்க்காமல் எல்லோருக்கும் சராசரியைச் சொல்லிவிட்டுப் போனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பிழை எல்லைக்குள் இருப்போம். உயரத்தை அளந்து சூத்திரத்தில் போட்டுச் சொன்னால் அந்த எல்லை 1.35 மில்லிமீட்டர் ஆகும். இத்தனை பாடுபட்டுக் கிடைத்த லாபம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூட. சூத்திரம் எட்டு என்று சொன்னால் உண்மை 6.6 முதல் 9.4 வரை எங்கும் இருக்கலாம். முடிவெடுக்க வேண்டிய எல்லா அளவுகளும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

சூத்திரத்தை எந்த மக்களிடமிருந்து எடுத்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. ட்ரீம் குழுவினர் 2008-இல் எச்சரிக்கை எல்லைகளாகச் சொன்னவை: ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எடை, 140 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம், 37 சென்டிமீட்டருக்குக் குறைந்த தொடைச் சுற்றளவு, 18-க்குக் குறைந்த உடல் நிறைக் குறியீடு. இப்படிப்பட்டவர்களுக்குக் கிராஃப்ட் ஏழுக்குக் கீழே போகும் அபாயம் அதிகம் என்றார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் 140 சென்டிமீட்டருக்குக் கீழே நிற்கும் வயதுவந்தோர் நம் ஊரிலும் அரிது. சிறிய கிராஃப்ட் பெறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வலையில் சிக்காமல் நழுவிவிடுவார்கள். ஓரத்தில் இருப்பவரை அடையாளம் காட்டும் எல்லைக்கோடு, நடுவில் இருக்கும் கூட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தில்தான் எண்ணிக்கை அதிகம்.

தொடை பருத்தால் நாணும் பருக்கும் என்ற நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடங்களில் பலமாக வேரூன்றியிருக்கிறது. அறுவைக்கு முன் இரண்டு மாதம் தொடைக்குப் பயிற்சி கொடுத்து கிராஃப்டைப் ‘பெருக்கிக்கொள்ளலாம்’ என்று எண்ணுவோரும் உண்டு. தசை வேறு, நாண் வேறு. தசை வாரக்கணக்கில் வளரும், கிடையில் கிடந்தால் வாரக்கணக்கில் கரையும். நாண் அப்படியல்ல. டென்மார்க்கின் ஹைனமையர் குழுவினர் 2013-இல் இதை அழகாகக் காட்டினார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கார்பன்-14 அளவை உயர்த்தின. பிறகு அது ஆண்டுக்காண்டு இறங்கியது. அந்தக் கார்பன் எந்த ஆண்டின் அளவில் திசுவில் படிந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தத் திசு எப்போது உருவானது என்று தெரியும். குதிகால் நாணின் நடுப்பகுதி ஏறத்தாழப் பதினேழு வயதுவரை உருவாகி, அதன் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பது அவர்கள் கண்டது. அது குதிகால் நாண். தொடை நாணுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீண்ட காலக் கனமான பயிற்சியில் சில நாண்கள் சிறிதளவு தடிப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் வளரும் பருவத்தின் முத்திரை நாணில் ஆழமாக விழுகிறது என்றால், மற்ற அளவுகளைவிட உயரம் ஏன் சற்று நன்றாக ஊகிக்கிறது என்பது ஓரளவு புரிகிறது. உயரமும் அதே பருவத்தில் முடிவாவதுதானே. இரண்டு மாதப் பயிற்சி அறுவைக்குப் பிந்தைய மீட்சிக்கு மிக நல்லது. அந்தக் காரணத்துக்காகவே செய்யலாம்.

அப்படியானால் வெளியிலிருந்து ஊகிப்பதை விட்டுவிட்டு உள்ளேயே பார்த்துவிடலாமே? ஏசிஎல் கிழிசலைக் காண எப்படியும் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். அதன் குறுக்குவெட்டுப் படங்களில் இரண்டு நாண்களும் சிறு கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. அவற்றின் பரப்பை அளந்து கூட்டலாம். எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். நாண்கள் மடிக்கப்படுவதால் இரண்டின் மொத்தப் பரப்பு 25 வந்தால் எட்டு தேறும். ஏழுக்கு 19 போதும். காகிதத்தில் கச்சிதமான கணக்கு. உடல் அளவுகளைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. நல்ல ஆய்வுகளில் ஒட்டுறவுக் கெழு 0.7 வரையும் அதற்கு மேலும் போகிறது. ஆனால் 0.7-இலும் பாதி வேறுபாடு விளங்காமலே நிற்கிறது. பிழை எல்லை ஒரு மில்லிமீட்டருக்கு அருகில்தான் வந்து நிற்கும். காரணங்கள் மர்மமானவை அல்ல. ஒரு புள்ளியின் பரப்பே பத்துப் பதினைந்து சதுர மில்லிமீட்டர். அதன் விளிம்பில் ஒரு படப்புள்ளி தள்ளிக் கோடு வரைந்தாலே சதவீதக் கணக்கில் பெரிய பிழை. எந்த மட்டத்துப் படத்தில் அளப்பது, எத்தனை பெரிதாக்கி அளப்பது என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறுகிறது. நாண் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் ஓடுவதும் இல்லை. நாளை கணினியே அளந்து தரும், பிழை மறைந்துவிடும் என்று சிலர் வாதிடலாம். கோடு வரைவதிலுள்ள பிழை குறையும், உண்மை. துளைக் கட்டையின் அரை மில்லிமீட்டர் அசைவையும், சுரண்டும் கையையும், உருவும்போது பக்கக் கிளை அறுபடாமல் நாண் பாதியில் துண்டாகிவிடும் துரதிர்ஷ்டத்தையும் எந்தக் கணினியும் முன்கூட்டிக் குறைத்துவிடாது.

இவ்வளவு ஓட்டை இருந்தால் எதற்காக ஊகிக்க வேண்டும், மேசையில் உருவிய பிறகு அளந்துகொள்ளலாமே என்று கேட்பது நியாயம்தான். கேள்வியின் முதற்பாதிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மேசையில் அளந்தபின் ஆறரை என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பது நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது முடிவாகக்கூடாது. செமிடெண்டினோசஸ் போதிய நீளம் இருந்தால் அதை மூன்றாக மடித்து ஐந்து இழையாக்கலாம். இல்லையென்றால் முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பட்டை, தொடை முன்தசையின் நாண், கணுக்கால் வெளிப்புறத்திலிருந்து வரும் பெரோனியஸ் லாங்கஸ் என்று வேறு ஊற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு கீறல், வேறு கருவி, வேறு வலி. முட்டிச்சில்லு நாணை எடுத்தால் மண்டியிடும்போது முன்முட்டி வலிக்கும் வாய்ப்பு கூடுதல். தரையில் மண்டியிட்டுத் தொழுபவருக்கும், குனிந்தும் குத்தவைத்தும் வேலை செய்பவருக்கும் இது சின்ன விஷயமல்ல. இவை அனைத்தும் முன்பே பேசி ஒப்புதல் வாங்க வேண்டியவை. உயரமும் எம்ஆர்ஐயும் சேர்ந்து ‘இவருக்குச் சிறிதாக வரலாம்’ என்று கைகாட்டினால் அந்தப் பேச்சு முன்கூட்டியே நடக்கும், மாற்றுக் கருவி மேசையோரம் தயாராக இருக்கும். ஊகத்தின் வேலை அதுவரைதான். ‘சூத்திரம் 7.6 சொல்கிறது, ஆகவே உங்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் சரிப்படாது’ என்று அதை வைத்துத் தீர்ப்பெழுதுவது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிழையுள்ள அளவுகோலால் அரை மில்லிமீட்டர் வழக்கைத் தீர்ப்பது.

ஊகமே வேண்டாம், எல்லோருக்கும் பெரிய கிராஃப்டாக வேறிடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனையும் உண்டு. பருமனே பலம் என்றால் இது சரி. ஆனால் பொருத்தும் நாளன்று பலக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இளம் வயதினரின் இயல்பான ஏசிஎல் ஏறத்தாழ 2,160 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்று 1991-இல் அளந்தார்கள். நான்கு இழை ஹாம்ஸ்ட்ரிங் கற்றை, இழைகள் சமமாக இழுக்கப்பட்டால், நாலாயிரத்துக்கு மேல் தாங்கும் என்று 1999-இல் அளந்தார்கள். பிறகு ஏன் அறுகிறது? உள்ளே வைத்த நாண் முதலில் தன் உயிரணுக்களை இழக்கிறது, புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன, மாதக்கணக்கில் அது மறுவடிவம் பெறுகிறது. அந்தக் காலத்தில் அதன் வலிமை முதல் நாளைவிட வெகுவாகத் தாழ்கிறது. தடித்த கிராஃப்ட் இந்தச் சரிவில் கையிருப்பு கூடுதலாக வைத்திருக்கலாம். அளவுக்கு மீறித் தடித்தால் எலும்புப் பள்ளத்தில் உரசும் சிக்கலும் வரும். வேறிடத்து நாணும் தானாகக் காப்பாற்றிவிடாது. டென்மார்க் பதிவேட்டில் இரண்டாண்டு மறு அறுவை விகிதம் தொடை முன்தசை நாணுக்கு 4.7 சதவீதம், ஹாம்ஸ்ட்ரிங்குக்கு 2.3, முட்டிச்சில்லு நாணுக்கு 1.5. அந்த முன்தசை நாண் பெரும்பாலும் ஹாம்ஸ்ட்ரிங்கைவிடத் தடித்ததுதான். அதை அதிகம் செய்து பழகிய இடங்களில் இந்த வேறுபாடு மங்கியது என்று பிறகு தெரிந்தது; அதாவது கையின் பழக்கம் மில்லிமீட்டரை மிஞ்சியது.

மேக்னசன் கட்டுரையிலேயே இன்னொரு வரி இருக்கிறது. பருமன் பேச்சில் அது அமுங்கிப்போய்விட்டது. மறு அறுவை தேவைப்பட்ட 18 பேரில் 16 பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள், அவர்கள் எல்லோரின் கிராஃப்டும் எட்டு அல்லது அதற்குக் கீழ். சிறிய கிராஃப்ட் இளம் வயதோடு சேர்ந்தபோதுதான் ஆபத்து குவிந்தது. நாற்பது வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஜவ்வு கிழிந்தவருக்கும், பதினேழு வயதில் கால்பந்து மைதானத்துக்குத் திரும்பத் துடிப்பவருக்கும் அதே ஏழரை மில்லிமீட்டர் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. இளையவருக்குப் பருமனைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. 14 முதல் 25 வயதுக்குட்பட்ட 618 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ‘ஸ்டெபிலிட்டி’ ஆய்வு 2020-இல் வெளியானது. ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் மட்டும் வைத்தவர்களில் இரண்டாண்டில் 11 சதவீதத்தினருக்குக் கிராஃப்ட் அறுந்தது. அதோடு முட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு பட்டையைக் கூடுதலாக இறுக்கித் தைத்தவர்களில் 4 சதவீதம். ஓர் அரை மில்லிமீட்டர் தருவதாகப் பதிவேடுகள் காட்டும் பலனைவிட இது பல மடங்கு பெரிது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருக்கும் கோணமும் ஆபத்தைக் கூட்டுகிறது. அதை எக்ஸ்ரேயிலேயே அளந்துவிடலாம்.

காலக்கெடுவும் இருக்கிறது. டெலாவேர்-ஆஸ்லோ கூட்டாய்வில், ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்தது. தசைவலிமை உள்ளிட்ட தேர்வுகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதத்தினர் மீண்டும் காயப்பட்டார்கள்; தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம். அந்த ஆய்வும் 106 பேரைக் கொண்டதுதான். மேலே 58 பேர் கணக்குக்கு வைத்த அதே சந்தேகத்தை இதற்கும் வைக்க வேண்டும். ஆனால் காத்திருப்பதற்குக் கீறல் தேவையில்லை, வேறிடத்திலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஊகம் பிழையாகப் போனாலும் இழப்பது ஒரு விளையாட்டுப் பருவம் மட்டுமே.